மூக்கில் சதை வளர்ந்திருக்கிறதாம், ஆபரேஷன் செய்யலாமா?

9 மார்ச் 2024, மாலை (கேள்வி)

மகனுக்கு 6 வயது. கைக்குழந்தையிலிருந்தே மூக்கடைப்பு. காலையில் எழுந்தால் பத்துப் பதினைந்து தும்மல். இரவில் வாயைத் திறந்துகொண்டுதான் தூங்குவான், குறட்டை வேறு. போன வாரம் ஒரு தனியார் மருத்துவமனையில் காட்டினோம். மூக்கில் சதை வளர்ந்திருக்கிறது, சைனஸ் ஆபரேஷன் செய்துவிட்டால் அலர்ஜித் தொல்லை விட்டது என்றார்கள். மெடிக்கல் கார்டு (காப்புறுதி அட்டை) இருப்பதால் அடுத்த வாரமே தேதி தருகிறார்களாம். மாமியார் வேண்டாம் என்கிறார், வீட்டுக்காரர் செய்துவிடலாம் என்கிறார். பிள்ளைக்கு இது செய்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். பினாங்கு, புக்கிட் மெர்த்தாஜாமில் இருக்கிறோம்.

9 மார்ச், இரவு 11.20

எந்தச் சதை?

இதைக் கேட்காமல் தேதி வாங்காதீர்கள் தங்கச்சி. ‘மூக்கில் சதை’ என்று நம் ஆட்கள் நாலு சங்கதியைச் சொல்வார்கள். ஒன்று அடினாய்டு, மூக்குக்குப் பின்னால் அண்ணத்துக்கு மேலே இருப்பது. இன்னொன்று டர்பினேட். மூக்கின் பக்கச் சுவரில் எல்லோருக்கும் இருப்பதுதான், அலர்ஜியில் வீங்கினால் டார்ச் அடித்துப் பார்க்கும்போது வெளிறிய கட்டி மாதிரியே தெரியும். அடுத்தது பாலிப், உரித்த திராட்சை போலத் தொங்கும். கடைசியில் வளைந்துபோன நடுத்தண்டு, அது சதையே இல்லை, அதையும் சதை என்றுதான் சொல்வார்கள். நாலுக்கும் வைத்தியம் வேறு வேறு.

ஆறு வயது, குறட்டை, திறந்த வாய் என்றால் என் மனம் முதலில் அடினாய்டு பக்கம்தான் போகிறது. ஆனால் நான் டாக்டர் இல்லை. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் லைன் லீடர். மகனை இரண்டு தடவை ஆபரேஷன் தியேட்டர் வாசல்வரை கொண்டுபோய் விட்டவள், அவ்வளவுதான்.

10 மார்ச், காலை

நேற்று தூக்கக் கலக்கத்தில் பாதியில் விட்டுவிட்டேன்.

என் மகனுக்கு 2016-இல், இதே ஆறு வயதில், அடினாய்டை எடுத்தார்கள். 2022-இல் பன்னிரண்டு வயதில் எண்டோஸ்கோப் என்ற கேமராக் குழாய் விட்டு சைனஸ் ஆபரேஷன். சைனஸ் என்றால் மூக்கைச் சுற்றி முக எலும்புக்குள் இருக்கும் காற்றறைகள். நாலு சைனஸையும் சுத்தம் செய்தார்கள். இப்போது 14 வயது. இன்று காலைகூட எட்டுத் தும்மல், அடுப்படியிலிருந்தே எண்ணினேன். அதனால் ‘அலர்ஜி விட்டது’ என்று உங்களிடம் சொன்னவர் யாராக இருந்தாலும் அதை நம்பாதீர்கள். கத்தியால் அலர்ஜி போகாது. அது மூக்கில் மட்டும் உட்கார்ந்திருக்கும் வியாதி இல்லை, உடம்பு தூசியை எதிரி என்று நினைத்துக்கொள்கிற கோளாறு.

அதற்காக ஆபரேஷன் வீண் என்று சொல்ல வரவில்லை. அதை நிதானமாக எழுத வேண்டும். இப்போது மார்க்கெட்டுக்குப் போகிறேன்.

10 மார்ச், மதியம்

உப்புத் தண்ணீரில் மூக்கைக் கழுவுவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஒரு கிளாஸ் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி உப்பு, கொஞ்சம் சோடா மாவு. பெரிய சிரிஞ்சில் எடுத்து ஒரு பக்கம் விட்டால் மறுபக்கம் வழியும். முதல் நாள் அழுவான், நாலாம் நாள் அவனே விளையாட்டாகச் செய்வான்.

11 மார்ச், காலை 6.10

மேலே எழுதிய அளவு தப்பு, தயவுசெய்து அதைப் பின்பற்றாதீர்கள். 240 மில்லி தண்ணீருக்கு அரை தேக்கரண்டி உப்பு. அயோடின் சேர்க்காத உப்பாகப் பாருங்கள். சோடா மாவு ஒரு சிட்டிகை. முழுக் கரண்டி போட்டால் பிள்ளைக்கு மூக்கு எரியும், அப்புறம் ஜென்மத்துக்கும் பக்கத்தில் வரமாட்டான். என் மகனுக்கு முதல் தடவை அப்படித்தான் ஆயிற்று. அதே தப்பை உங்களுக்கும் எழுதி வைத்திருக்கிறேன் பாருங்கள்.

தண்ணீர் கொதிக்க வைத்து ஆற்றியதாக இருக்க வேண்டும். குழாய்த் தண்ணீரை நேராக மூக்கில் விடவே கூடாது. அதில் அபூர்வமாக ஓர் அமீபா இருக்கலாம். குடித்தால் ஒன்றும் செய்யாது, மூக்கு வழியாகப் போனால் மூளையைத் தாக்கும். கடையில் பொட்டலமாக விற்கும் மருந்துக் கலவை வாங்கினால் அளவு குழப்பம் இல்லை. ஆனாலும் கொதித்தாறிய தண்ணீர்தான்.

13 மார்ச்

நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குப் புரிய ஆறு வருஷம் ஆன ஒன்றைச் சொல்கிறேன். என் மகன் மூக்கில் ஒரு வியாதி இல்லை, இரண்டு.

வேலை இடத்தில் மெஷின் நின்றால் நேரத்தோடு லாக் புத்தகத்தில் எழுதுவோம். அந்தப் பழக்கத்தில் ஒரு ஐம்பது காசு நோட்டுப் புத்தகத்தில் அவன் மூக்கு விவரத்தையும் எழுத ஆரம்பித்தேன். தும்மல், அரிப்பு, தண்ணீராக ஒழுகல் ஒரு பத்தியில். மஞ்சள் பச்சைச் சளி, ராத்திரி இருமல், வாய் நாற்றம், தலைபாரம் இன்னொரு பத்தியில். 2020 மார்ச் 18-ஆம் தேதி கோவிட் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. பள்ளிக்கூடம் மூடிவிட்டார்கள், வீட்டோடு இருந்தான். இரண்டாவது பத்தி மாதக் கணக்கில் காலி! முதல் பத்தி மட்டும் முன்னைவிட மோசம், ஏனென்றால் இருபத்து நாலு மணி நேரமும் மெத்தையும் நாற்காலியும் தூசியும்தான். பள்ளி திறந்ததும் வகுப்பில் ஒருவனுக்குச் சளி, மறு வாரம் இரண்டாவது பத்தி நிரம்பத் தொடங்கியது.

அந்த நோட்டைத்தான் அரசாங்க மருத்துவமனை ஈ.என்.டி. (காது மூக்கு தொண்டை) டாக்டரிடம் நீட்டினேன். அவர் புரட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “அம்மா, இந்தப் பத்திக்கு ஸ்ப்ரே, மாத்திரை, வீட்டுச் சுத்தம். அந்தப் பத்திக்குத்தான் என் வேலை வரலாமா வேண்டாமா என்று பார்க்கணும்.” ஆபரேஷன் பற்றி எனக்குக் கிடைத்த விளக்கங்களில் இதைவிடத் தெளிவானது இல்லை. அலர்ஜி மூக்கை வீங்க வைக்கிறது, வீக்கம் சைனஸின் சின்ன வாசலை அடைக்கிறது, உள்ளே சளி தேங்கிக் கெட்டுப்போகிறது. அடைந்த வாசலை ஆபரேஷன் திறந்துவிடலாம். வீங்க வைக்கிற ஆள் அப்படியே இருப்பான்.

உங்கள் மகனுக்கு எந்தப் பத்தி அதிகம்? நீங்கள் எழுதியதில் மஞ்சள் சளி என்ற பேச்சே இல்லை, கவனித்தீர்களா?

13 மார்ச், இரவு

சின்னப் பிள்ளைக்கு வருஷத்துக்கு ஆறு முதல் எட்டுத் தடவை சளி பிடிப்பது சாதாரணம். ஒவ்வொன்றும் ஒரு வாரம் பத்து நாள் என்றால் பாதி வருஷம் மூக்கு ஒழுகுகிற மாதிரிதான் தோன்றும். பத்து நாள் தாண்டியும் குறையாமல் இருந்தால் சைனஸில் கிருமி என்று சந்தேகப்படுவார்கள். நாள்பட்ட சைனஸ் என்று சொல்ல 12 வாரம் விடாமல் இருக்க வேண்டும். ‘எப்பவும் சளிதான்’ என்று நானும் வருஷக்கணக்கில் டாக்டர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். நோட்டு எழுதிய பிறகுதான் ‘எப்பவும்’ இல்லை என்று தெரிந்தது.

17 மார்ச்

சுங்கை பட்டாணியிலிருந்து எழுதிய அண்ணனுக்கு. ஸ்ப்ரே எல்லாம் வேஸ்ட், ஆறு மாதம் அடித்தும் பயனில்லை என்கிறீர்கள். எப்படி அடித்தீர்கள்?

நான் அடித்த விதம்: பிள்ளை தலையை அண்ணாந்து பார்க்கச் சொல்லி, அதே பக்கத்துக் கையால், மூக்கின் நடுத்தண்டைப் பார்த்து ஒரே அழுத்து. மருந்து தொண்டையில் இறங்கும், கசக்கும், நடுத்தண்டில் பட்டுப் பட்டு ரத்தம் கசியும். இரண்டு நாள் அடித்துவிட்டுக் கேட்கவில்லை என்று விட்டுவிடுவேன். இப்படி 2017-இலிருந்து மூன்று வருஷம்.

சரியான விதத்தை ஒரு தாதிதான் செய்து காட்டினார். தலை லேசாகக் குனிந்திருக்க வேண்டும். வலது கையால் இடது மூக்கு, இடது கையால் வலது மூக்கு. அப்போதுதான் முனை தானாகக் காதுப் பக்கம் திரும்பும். பலமாக உறிஞ்சக் கூடாது. உப்புத் தண்ணீரில் கழுவிய பிறகு அடித்தால் நல்லது. தினமும் அடிக்க வேண்டும், முழுப் பலன் தெரிய ஒன்றிரண்டு வாரம் ஆகும். உடனே திறந்துவிடுவது இந்த ஸ்டீராய்டு ஸ்ப்ரே இல்லை, அடைப்புச் சொட்டு மருந்து. அது வேறு கதை, எங்கள் வீட்டில் பெரிய கதை.

17 மார்ச், அடுத்தது

அந்தக் கதை. பார்மசியில் மூக்கடைப்புச் சொட்டு மருந்து கேட்டால் கொடுப்பார்கள். ஐந்து நிமிஷத்தில் மூக்கு திறக்கும், பிள்ளை தூங்கும், அம்மாவும் தூங்குவாள். மூன்று நாளுக்கு மேல், மிஞ்சினால் ஐந்து நாளுக்கு மேல் கூடாது என்று பெட்டியிலேயே போட்டிருக்கிறது. நான் நாலு மாதம் விட்டேன். மருந்து இறங்கியதும் மூக்கு முன்னைவிட அதிகமாக அடைக்கும், அதற்கு இன்னும் ரெண்டு சொட்டு. நிறுத்திய வாரம் நரகம். ஆபரேஷனைப் பற்றி எனக்கு வருத்தம் இல்லை, இதைப் பற்றி இருக்கிறது.

24 மார்ச்

மாமியார் பக்கத்துக்கும் கொஞ்சம் பேசிவிடுகிறேன், இல்லாவிட்டால் உங்கள் வீட்டில் சண்டை ஓயாது. அறுவையில் அவசரப்படாதே என்று அவர் சொல்வது சரிதான். ஆனால் ஆவி பிடிக்க வைப்பதில் கவனம். கொதிக்கும் நொச்சிப் பானைக்கு முன்னால் போர்வை மூடி ஆறு வயதுப் பிள்ளையை உட்கார வைத்து, பானை சாய்ந்து தொடை வெந்து ஆஸ்பத்திரிக்கு ஓடிய வீட்டை எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமைச் சாம்பிராணிப் புகையை எங்கள் வீட்டில் வாசலோடு நிறுத்திவிட்டோம். என் மாமியார் மூன்று வாரம் பேசவில்லை. சாமி கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

ஐஸ், இளநீர், தலைக்குக் குளிப்பது இவற்றால்தான் சைனஸ் வருகிறது என்பதை விட்டுவிடுங்கள். நான் தடை போட்டும் பார்த்தேன், எடுத்தும் பார்த்தேன். நோட்டில் ஒரு வித்தியாசமும் இல்லை.

வித்தியாசம் தெரிந்தது மெத்தையில். தோலில் குத்திப் பார்க்கும் சோதனையில் தூசிப்பூச்சிக்குப் பெரிதாகத் தடித்தது, கரப்பானுக்குச் சின்னதாக. (சோதனைக்கு ஒரு வாரம் முன்பே அலர்ஜி மாத்திரையை நிறுத்தச் சொல்வார்கள். நாங்கள் மறந்து கொடுத்துவிட்டோம், ஒரு பயணம் வீண்.) இந்தப் பூச்சிக்கு வேண்டியது ஈரக் காற்றும் நாம் உதிர்க்கும் தோல் செதிலும். பினாங்கில் இரண்டுக்கும் பஞ்சமில்லை. பாட்டி கொடுத்த இலவம்பஞ்சுத் தலையணையைத் தூக்கிப் போட்டேன், அழுதுகொண்டே. மெத்தைக்கும் தலையணைக்கும் இறுக்கமான உறை. பூச்சி சாக 60 டிகிரிச் சூடு வேண்டும், நம் வீட்டு வாஷிங் மெஷினில் பச்சைத் தண்ணீர்தான். அதனால் வாரம் ஒரு தடவை விரிப்புகளை டோபிக் கடைக்குக் கொண்டுபோய்ச் சூட்டில் துவைத்து, சூட்டில் காய வைப்போம். பொம்மைக் கரடி ஒரு நாள் ஃப்ரீசரில். கோழிக்கும் மீனுக்கும் நடுவில் கரடி படுத்திருந்ததைப் பார்த்து என் தம்பி பயந்து கதவை மூடிவிட்டான்.

2 ஏப்ரல்

கிள்ளான் சகோதரர் கேட்டது: சிறு வயதில் சைனஸ் ஆபரேஷன் செய்தால் முகம் கோணிவிடுமா?

இந்தப் பயம் 1990-களில் பன்றிக்குட்டிகளை வைத்துச் செய்த ஓர் ஆய்விலிருந்து வந்தது. ஆபரேஷன் செய்த பக்கத்து முக எலும்பு சரியாக வளரவில்லை. பிறகு, உண்மையாகவே ஆபரேஷன் செய்துகொண்ட பிள்ளைகளைப் பத்து வருஷம் கழித்து அளந்து பார்த்தார்கள், 2002-இல் வெளிவந்தது. செய்யாத பிள்ளைகளோடு ஒப்பிட்டால் முகத்தில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. என் மகன் முகமும் கோணவில்லை, அவன் அப்பா ஜாடை, அதற்கு ஆபரேஷன் பொறுப்பில்லை.

நிஜமான ஆபத்து வேறு. சைனஸுக்கும் கண்குழிக்கும் நடுவில் இருப்பது காகிதம் மாதிரி மெல்லிய எலும்பு. மேலே மூளையின் தரை. அதனால் ரத்தக் கசிவு, கண்ணில் காயம், மூளைநீர் ஒழுகல் இதையெல்லாம் சொல்லித்தான் கையெழுத்து வாங்குவார்கள். பெரிய சிக்கல்கள் அபூர்வம். இருந்தாலும் அந்தத் தாளைப் படித்தபோது என் கை நடுங்கியது.

2 ஏப்ரல், பின்குறிப்பு

மேலே மார்ச் 10-இல் ‘நாலு சைனஸையும் சுத்தம் செய்தார்கள்’ என்று எழுதியிருக்கிறேன். இன்று டிஸ்சார்ஜ் தாளை எடுத்துப் பார்த்தேன். நாலு இல்லை. கன்னத்துச் சைனஸின் வாசலும் கண்களுக்கு நடுவில் உள்ள எத்மாய்டின் முன்பகுதியும் மட்டும்தான். நெற்றிச் சைனஸைத் தொடவே இல்லை. பிறக்கும்போது இருப்பது கன்னத்துச் சைனஸும் எத்மாய்டும்தான். நெற்றியில் இருப்பது ஐந்தாறு வயதுக்குப் பிறகுதான் உருவாகத் தொடங்கி, பதின்ம வயதின் கடைசிவரை வளரும். அதனால் ஆறு வயதுப் பிள்ளையின் நெற்றியைத் தொட்டு ‘இங்கே சைனஸ்’ என்று யாராவது சொன்னால், அங்கே அனேகமாக வெறும் எலும்புதான்.

இரண்டு வருஷமாக எல்லோரிடமும் நாலு, நாலு என்று சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

14 ஏப்ரல்

புத்தாண்டு வாழ்த்துகள். பாயசம் கிண்டிய கையோடு, ஒத்திப் போட்டுக்கொண்டே வந்ததை எழுதி முடிக்கிறேன்.

முதல் ஆபரேஷன், அடினாய்டு. அவன் குறட்டை பழைய ஃபெரி சங்கு மாதிரி இருக்கும், நடுவில் திடீரென்று மூச்சே நிற்கும், நான் எழுந்து உலுக்குவேன். வகுப்பில் கூப்பிட்டால் திரும்புவதில்லை என்று ஆசிரியை சொன்னார். பார்த்தால் காதுக்குள் நீர் கட்டியிருந்தது, அதற்கும் அடினாய்டு ஒரு காரணம். எடுத்த அன்று இரவே சத்தம் அடங்கியது. பத்து நாள் வாய் நாற்றம், கொஞ்ச வாரம் மூக்கால் பேசினான், பிறகு சரியாகிவிட்டது. சைனஸ் தொல்லையும் இரண்டு வருஷம் குறைந்திருந்தது. சின்னப் பிள்ளைகளின் நாள்பட்ட சைனஸுக்கு அறுவை என்று வந்தால் முதலில் அடினாய்டைத்தான் எடுக்க வேண்டும் என்று அமெரிக்க ஈ.என்.டி. மருத்துவர் அமைப்பு 2014-இல் கூடிப் பேசி எழுதியிருக்கிறது. அங்கே கிருமி கூடு கட்டுகிறது என்பது அவர்கள் கணக்கு. பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு அதோடு போதும்.

என் மகனுக்குப் போதவில்லை. 2019 செப்டம்பரில் புகைமூட்டம் வந்து பள்ளிகளை மூடினார்களே, அதற்குப் பிறகு இரண்டாவது பத்தி மறுபடி நிரம்பியது. 2021 கடைசியில் பள்ளி மறுபடி திறந்ததும் இன்னும் மோசம். உடனே கத்தியை எடுக்கவில்லை. மூன்று மாதம் ஸ்ப்ரே, கழுவல், ஒரு சுற்று ஆன்டிபயாட்டிக், எல்லாம் முடித்த பிறகுதான் சி.டி. ஸ்கேன். ஏன் முதலிலேயே எடுக்கவில்லை என்று நான் சண்டை போட்டேன். சாதாரணச் சளி பிடித்த பிள்ளையை எடுத்தாலும் ஸ்கேனில் சைனஸ் நிறைந்துதான் தெரியும், அதை வைத்து ஆபரேஷன் செய்தால் ஊரில் பாதிப் பிள்ளைகளுக்குச் செய்ய வேண்டும் என்றார் டாக்டர்.

அப்பாயிண்ட்மெண்ட் அட்டையின் பின்புறம் ஒரு படமும் போட்டுக் காட்டினார். சைனஸுக்குள் இருக்கும் நுண்மயிர்கள் சளியை எப்போதும் இயற்கையான ஒரே வாசலை நோக்கித்தான் தள்ளும். பக்கத்தில் வேறு ஓட்டை போட்டுக் கொடுத்தாலும், அதைச் சுற்றிக்கொண்டு பழைய வாசலுக்கே போகும். ஆஸ்திரியாவின் கிராஸ் நகரத்தில் மெஸ்ஸர்கிளிங்கர் என்ற மருத்துவர் கண்டுபிடித்துச் சொன்னது. அதனால் இந்தக் காலத்து ஆபரேஷனில் சைனஸைச் சுரண்டி எடுப்பதில்லை, அந்த வாசலை மட்டும் அகலமாக்குகிறார்கள். மகனுக்கு டர்பினேட்டையும் கொஞ்சம் சுருக்கிவிட்டார்கள். ஒரு வாரம் மூக்கைச் சிந்தக் கூடாது, நீச்சல் கூடாது, தினமும் கழுவல். கழுவும்போது வந்த கறுப்புப் பொருக்கைப் பார்த்து என் வீட்டுக்காரர் மயங்கப் பார்த்தார்.

14 ஏப்ரல், இரவு

மறுபடியும் அதே நிலை வந்தால் செய்வீர்களா அக்கா என்று கேட்டீர்கள். ‘கட்டாயம்’ என்று எழுதி அழித்தேன். 2017-இலிருந்தே ஸ்ப்ரேயைச் சரியாக அடித்திருந்தால் இரண்டாவது ஆபரேஷன் தேவைப்பட்டிருக்காதோ என்ற எண்ணம் போகமாட்டேன் என்கிறது. இன்னொரு பக்கம், அந்த ஸ்கேன் படத்தை நான் பார்த்தேன். காற்று இருக்க வேண்டிய இடம் கறுப்பாகத் தெரிய வேண்டும். இரண்டு கன்னமும் சாம்பல் நிறம்.

5 மே

அலர்ஜிக்கு இரவில் மெல்லும் மாத்திரை ஒன்று, மான்டெலுகாஸ்ட், எழுதித் தந்திருப்பதாக ஒரு அம்மா கேட்டிருந்தார். வேறு எதுவும் கேட்காதபோதுதான் மூக்கு அலர்ஜிக்கு இதைக் கொடுக்க வேண்டும் என்று 2020 மார்ச்சில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டகம் கடும் எச்சரிக்கை போட்டது. கெட்ட கனவு, எரிச்சல், மனச்சோர்வு வரலாம். என் மகன் அதைச் சாப்பிட்ட மூன்று வாரமும் நடுராத்திரியில் அலறினான். பேய் என்று மாமியார் விபூதி போட்டார். மாத்திரையை டாக்டர் நிறுத்தியதும் அலறலும் நின்றது. ஆஸ்துமா இருக்கும் பிள்ளை என்றால் நீங்களாக நிறுத்தாதீர்கள், கேட்டுச் செய்யுங்கள்.

5 மே, அவசரமாக ஒன்று

இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். சைனஸ் இருக்கும் பிள்ளைக்குக் கண்ணைச் சுற்றி வீங்கிச் சிவந்தாலோ, கண் முன்னால் தள்ளினாலோ, பார்வை இரட்டையானாலோ, காய்ச்சலோடு கடும் தலைவலியும் வாந்தியும் வந்தாலோ, இங்கே வந்து கேட்டுக்கொண்டிருக்காதீர்கள். அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள். பாலிப் என்று உறுதியாகச் சொன்னாலும், சின்னப் பிள்ளைக்கு அது சாதாரணம் இல்லை, காரணத்தைத் தேடச் சொல்லிக் கேளுங்கள்.

22 ஜூன்

நல்ல செய்தி தங்கச்சி. கிளினிக் கெசிஹத்தானில் (அரசாங்கச் சுகாதார கிளினிக்கில்) கடிதம் வாங்கி அரசாங்க மருத்துவமனையில் இரண்டாம் கருத்து கேட்டீர்கள், ‘சதை’ அடினாய்டுதான் என்று தெரிந்துவிட்டது. சைனஸைத் தொட வேண்டாம், ஸ்ப்ரேயில் ஆரம்பிப்போம், மூன்று மாதத்தில் குறட்டை குறையாவிட்டால் அடினாய்டு மட்டும் என்றார்களாமே. முதலில் சொன்ன இடத்தைத் திட்டி இங்கே பேர் போட வேண்டாம். என்ன சதை, எதை எடுக்கப் போகிறீர்கள் என்று கேட்டிருந்தால் அவர்களும் சொல்லியிருக்கலாம். நானும் 2016-இல் கேட்கவில்லை. எனக்கு நல்ல டாக்டர் வாய்த்தார், அவ்வளவுதான்.

வயது ஏற ஏற அடினாய்டு தானாகச் சுருங்கும் என்று பட்டர்வொர்த் அண்ணன் சொன்னது உண்மை. ஆனால் மூச்சு நின்று நின்று தூங்கும் பிள்ளையைப் பதின்ம வயதுவரை காக்க வைக்க முடியாது.

3 நவம்பர்

தீபாவளி மத்தாப்புப் புகையில் என் மகன் மூக்கு மூன்று நாளாக அடைப்பு. ஸ்ப்ரே பாட்டிலைத் தேடினால் பள்ளிப் பையின் அடியில், ஆகஸ்டிலிருந்து தொடாமல் கிடக்கிறது. பதினாலு வயது, மீசை அரும்பியிருக்கிறது, அம்மா சொல்வது காதில் ஏறாது. இப்போது காதுக்குள் நீர் என்றும் சாக்குச் சொல்ல முடியாது.

தங்கச்சி, உங்கள் பதிவைப் படித்தேன். அடினாய்டு எடுத்து இரண்டாம் இரவு, சத்தமே இல்லாததால் பயந்து எழுந்து, பிள்ளை மூக்கடியில் விரல் வைத்துப் பார்த்தேன் என்று எழுதியிருந்தீர்கள்.

நானும் வைத்துப் பார்த்தேன். 2016-இல், மூன்று தடவை.